வெள்ளையாகவே நின்ற குப்பி

"சாரே, இது வெயில் ஏறின வெள்ளம். விடியதுக்கு முன்ன வந்து எடுத்துப் பாரும்" என்று மேலமணக்குடியில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் கழிமுகத்து நீரைக் காட்டிச் சொன்னபோது, அது எனக்குப் புதிய செய்தி அல்ல என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. பாசி பகலில் நீருக்கு ஆக்சிஜனைக் கொடுக்கும், இரவில் எடுத்துக்கொள்ளும். நாகர்கோவில் சாக்கடையைச் சுமந்து வரும் பழையாற்று நீரும், கதம்பல், அதாவது தேங்காய் மட்டை, ஊறும் இடங்களின் கறுத்த நீரும், கழிமுகத்தின் வாயான பொழி மணலால் அடைந்து கடல் ஏறாத நாட்களில் அங்கேயே தேங்கி, மிச்சத்தையும் தின்றுவிடும். இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் கழிமுக நீரின் ஆக்சிஜனை அளக்கும் வேலைக்கு வந்திருந்தேன். ஆனாலும் எங்கள் அட்டவணைப்படி மாதிரி எடுக்கும் நேரம் காலை பத்தரை மணி.

மறுநாள் விடியுமுன் தனியாகப் போனேன். 300 மில்லி குப்பியில் குமிழி விழாமல் நீரைப் பிடித்து, மாங்கனீசு சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் விட்டு, மூடித் தலைகீழாகப் புரட்டினேன். ஆக்சிஜன் இருந்தால் வீழ்படிவு பழுப்பாகத் திரளும். டார்ச் வெளிச்சத்தில் அது வெள்ளையாகவே அடியில் இறங்கியது. கண்டல் மரங்களின் ஓரத்தில் மடவை மீன் குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. வெளுத்ததும் கொக்குகள் கூட்டமாக வந்திறங்கின. சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியதிலிருந்து பறவைக் கணக்கின் மேல் எனக்கும் ஒரு மயக்கம் இருந்தது. முந்தைய வாரம் இதே கொக்குக் கூட்டத்தைத்தான் கழிமுகத்தின் நலத்துக்கு அடையாளமாகக் குறித்து வைத்திருந்தேன்.

மேலதிகாரியிடம் சொன்னேன். "போன வருஷத்து அளவு எல்லாமே பத்தரை மணிக்கு எடுத்தது. இதை எதோட ஒப்பிடுவீங்க?" என்றார். அது தவறான கேள்வி அன்று. வெவ்வேறு நேரத்து அளவுகளைக் கலந்தால் தொடர் கெடும் என்பதை இப்போதும் ஏற்கிறேன். அடிக்குறிப்பாகவாவது சேர்க்கட்டுமா என்று கேட்டிருந்தால் அவர் மறுத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன், கேட்காதவன் நான்தான். பகல் அளவு, மீன் வாழத் தேவையான லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு மேலேயே இருந்தது. அறிக்கையில் பொய்யான எண் ஒன்றுகூட இல்லை.

சில நாளில் ஊர்க்காரர்கள் பொழியை வெட்டினார்கள், கடல் ஏறி நீர் தெளிந்தது. என் அறிக்கையால் கெட்டது எதுவுமில்லை என்று சொல்லிக்கொள்ள அது வசதியாக இருந்தது. பிறகு பெரியவரைப் பார்த்தபோது, "வந்து எடுத்தீரா?" என்றார். எடுத்தேன் என்றேன். எழுதினீரா என்று அவர் கேட்கவில்லை.