சேஃப்டியைத் தள்ளியதும் சுட்ட ரைஃபிள்: பழுதைத் தேடிப் பிடித்த அனுபவம்

என் விரல் ட்ரிகரில் இல்லை. சுடும் களத்தில் குறிபார்க்க உட்கார்ந்து, தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி லீவரைக் கட்டைவிரலால் முன்னுக்குத் தள்ளி விடுவித்தேன். குண்டு பாய்ந்துவிட்டது. குழல் மண்மேட்டை நோக்கி இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இது போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்: ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்து மூடித்தான் சுட வேண்டும். ஆக்‌ஷன் (போல்ட் ஓடும் உலோக உடல்), பேரல், ட்ரிகர், மர ஸ்டாக் (இவை உட்காரும் கட்டை) எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி, சட்டம் அனுமதிக்கும் முறையில் நானே சேர்த்துக் கட்டியது. அதுவரை ஒரு குறையும் காட்டவில்லை. பக்கத்தில் இருந்தவர், "இன்னொரு தோட்டா போட்டுப் பாருங்கள், திரும்ப வருகிறதா தெரியும்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் விரல் படாமலே சுட்டுவிடும் துப்பாக்கியை நிஜத் தோட்டா போட்டுச் சோதிக்கவே கூடாது. தோட்டா உட்காரும் சேம்பரைக் காலி செய்து, போல்ட்டைக் கழற்றித் தனியாக வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டில் தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டுத்தான் மேசைக்கு வந்தேன். சேம்பர் காலிதானா என்று கண்ணால் பார்த்தேன், விரல் விட்டும் பார்த்தேன். பிறகு போல்ட்டை மாட்டி, அன்று நடந்ததை அப்படியே செய்தேன்: காக் செய்வது (போல்ட்டை இழுத்து மூடிச் சுடத் தயாராக்குவது), சேஃப்டி போடுவது, சேஃப்டியை எடுப்பது. ஒன்றும் ஆகவில்லை. எத்தனையோ முறை செய்தும், தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின் அசையவில்லை. பலர் நிம்மதியாகிவிடும் கட்டம் இதுதான். எனக்கோ பயம் கூடியது. பழுது வராமல் போனதால் அது சரியாகிவிட்டது என்று ஆகாது.

ட்ரிகருக்குள் நடப்பதை இங்கே சொன்னால்தான் மற்றது புரியும். போல்ட்டை மூடும்போது ஃபயரிங் பின்னைப் பிடித்து நிறுத்துவது சியர். அந்தச் சியரைக் கீழிருந்து தாங்கி நிற்பது ட்ரிகரின் மேல் விளிம்பு. ட்ரிகரை இழுத்தால் தாங்கல் விலகும், சியர் இறங்கும், பின் பாயும். என் ட்ரிகரில் சேஃப்டி போட்டால் சியர் மயிரிழை அளவு மேலே தூக்கப்படும், அவ்வளவுதான். ட்ரிகர் பூட்டப்படாது. சேஃப்டி போட்ட நிலையில் ட்ரிகர் எதனாலாவது பின்னுக்குப் போனால், அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டியது ஒரு சிறு ஸ்பிரிங். அது கொண்டுவராமல் விட்டால், சேஃப்டியை எடுக்கும் நொடியில் சியருக்குக் கீழே தாங்கல் இருக்காது.

அதனால் சோதனையில் ஒரு படி சேர்த்தேன். சேஃப்டி போட்டபின் ட்ரிகரை இழுத்து விட்டு, விரலை முழுதாக எடுத்துவிட்டு, அப்புறம் சேஃப்டியைத் தள்ளினேன். நான்கைந்து முறைக்குள் 'க்ளிக்' கேட்டது. களத்தில் ரைஃபிளை எடுத்து வைக்கும்போது கைப்பட்டையோ வேறு எதுவோ ட்ரிகரில் பட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதை உறுதியாகச் சொல்ல வழியில்லை.

நண்பர்கள் எல்லோரும் கைகாட்டியது ட்ரிகர் விளிம்பு சியரை எவ்வளவு தாங்குகிறது என்பதை அமைக்கும் ஸ்க்ரூவை: "அரைச் சுற்று திருப்பு, போதும்." அதைத் தொடவில்லை. தயாரிப்பாளர் பூசிய அரக்கு முத்திரை உடையாமல் இருந்தது. திருப்பினால் பழுது மறையலாம், ஆனால் காரணம் மறைந்தே போய்விடும். அடுத்த சந்தேகம் கெட்டிப்பட்ட எண்ணெய். இது உண்மையிலேயே அடிக்கடி நடப்பது. ட்ரிகர் பெட்டிக்குள் பிசுபிசுத்த எண்ணெய் ஸ்பிரிங்கைத் தோற்கடித்துவிடும். ஸ்டாக்கிலிருந்து ஆக்‌ஷனைக் கழற்றி, லைட்டர் திரவம் ஊற்றிக் கழுவி உலரவிட்டேன்.

கழுவியபின், ஸ்டாக் மாட்டாமலே சோதித்தேன். எவ்வளவு முயன்றாலும் பழுது வரவில்லை. எண்ணெய்தான் காரணம் என்று அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறியிருந்தன: எண்ணெய் போயிருந்தது, ஸ்டாக்கும் போயிருந்தது. ஆக்‌ஷனைத் திரும்ப ஸ்டாக்கில் வைத்து, இரண்டையும் இணைக்கும் ஸ்க்ரூக்களை முறுக்கினேன். 'க்ளிக்' திரும்ப வந்தது. பின்பக்க ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்த்தினால் நின்றது, முறுக்கினால் வந்தது.

ட்ரிகரின் இரு பக்கமும் மார்க்கர் மை தடவி, முழுதாகப் பூட்டி, சில முறை இழுத்துவிட்டுப் பிரித்தேன். ஸ்டாக்கில் ட்ரிகருக்காக வெட்டிய துளையின் இடது சுவரில் மை ஒட்டியிருந்தது. அதாவது ட்ரிகர் அங்கே உரசி, திரும்பி வராமல் நின்றிருக்கிறது. அந்தத் துளை இடுக்கமாக வெட்டப்பட்டு வந்திருக்கிறது. உள்ளே வெறும் மரம், வார்னிஷ் பூச்சே இல்லை. காற்றில் ஈரம் ஏறும்போது மரம் உப்பும். வறண்ட நாட்களில் எல்லாம் ஒழுங்காக இருந்தது அதனால்தான். பூட்டிய நிலையில் ஒரு காகிதத் துண்டை ட்ரிகரின் வலப்பக்கம் விட்டேன், தாராளமாகப் போனது. இடப்பக்கம் நுழையவே இல்லை.

ட்ரிகர் உறுப்புகளை நான் அரம் கொண்டு தொடவில்லை. அது அனுபவப்பட்ட துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை. சியர் விளிம்பில் நூலளவு தேய்த்தாலும் வேறொரு ஆபத்து பிறக்கும். அப்படி ஒருவரிடம் கொடுத்தேன். அவர் பூதக்கண்ணாடி வைத்து விளிம்புகளைப் பார்த்து, தேய்மானம் இல்லை என்றார். துளையை அகலப்படுத்தி, உள்மரத்துக்குப் பூச்சு கொடுத்தார். ட்ரிகரையும் மாற்றச் சொல்லிவிட்டேன். இப்போது இருப்பதில் சேஃப்டி ட்ரிகரையும் சேர்த்துப் பூட்டுகிறது. செலவு வீண் என்றார்கள் சிலர். பக்கத்தில் ஆள் நிற்கும் இடத்தில் ஸ்பிரிங் ஒன்றை மட்டும் நம்பி இருக்க எனக்கு மனமில்லை. பெரிய தொழிற்சாலைகளுக்கே இதில் சறுக்கியிருக்கிறது: 2014 ஏப்ரலில் அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான ரெமிங்டன் தன் எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகர் பொருத்திய ரைஃபிள்களைத் திரும்பக் கேட்டது, உள்ளே பசை கூடுதலாகப் போயிருக்கலாம் என்பதற்காக.

வேலை முடிந்தபின் காலிச் சேம்பரோடு எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். போல்ட்டை வேகமாக அடித்து மூடிப் பார்த்தேன். காக் செய்து, சேஃப்டி போட்டும் போடாமலும், ரப்பர் சுத்தியலால் ஸ்டாக்கைப் பல பக்கமும் தட்டினேன். நல்ல ஈரமான நாள் ஒன்று வரக் காத்திருந்து அதே சோதனைகளைத் திரும்பச் செய்தேன். களத்துக்குப் போனபோது மேகசினைத் தொடாமல் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டுச் சுட்டேன். ஸ்டாக்கைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் அந்தக் காகிதத் துண்டு இரு பக்கமும் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போல்ட்டை மாட்டுகிறேன்.