கனகம் ஏன் கத்தினாள்?

சென்ற மாதம் இரண்டாம் ஆண்டு மாணவர்களின் உள்தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் கனகத்தின் பாத்திரப் படைப்பை விளக்குக என்பது கேள்வி. 10 மதிப்பெண். மொத்தம் 42 தாள்கள் இருந்தன. பாதிக்குமேல் ஒரே அச்சில் வார்த்தவை: “கனகம் பழமையில் ஊறிய தாய். அவளது அறியாமையே கங்கையின் வாழ்வைச் சீரழித்தது.” ஆண்டுதோறும் நான் வகுப்பில் சொல்லி வந்த வாக்கியம் அது. அதையே எனக்குத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். நானும் ஏழு, எட்டு என்று போட்டுக்கொண்டே போனேன்.

முப்பதாவது தாளோ என்னவோ, ஒரு மாணவி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். முதல் இரண்டு வரிகளை அடித்துவிட்டு மூன்றாவது வரியில் தொடங்கியிருந்தாள். “இரண்டு அம்மாவும் ஒரே அம்மாதான். கதையில் வருகிற அம்மா சத்தத்தை விழுங்கிவிட்டாள். நாவலில் வருகிற அம்மாவால் விழுங்க முடியவில்லை. எங்கள் வீட்டிலும் சுவர் மெல்லியது. அதனால் எனக்குத் தெரியும்.”

சிவப்பு மையில் “பாடக் கருத்துகள் இல்லை” என்று எழுதி 4 மதிப்பெண் கொடுத்தேன். அடுத்த தாளுக்குப் போய்விட்டேன்.

அன்று இரவு படுத்த பிறகும் அந்தச் சுவர் என்னை விடவில்லை. எழுந்து, அவள் ‘கதை’ என்று எழுதிய ‘அக்கினிப் பிரவேச’த்தை மறுபடி எடுத்தேன்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1966-இல் ஆனந்த விகடனில் வந்த ஜெயகாந்தனின் சிறுகதை அது. மழை கொட்டும் ஒரு மாலையில், பஸ்ஸுக்குக் காத்து நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். அவன் அவளைக் கெடுத்துவிட்டுக் கொண்டுவந்து இறக்கிவிடுகிறான். வீடு வந்து தாயிடம் அழுதுகொண்டே சொல்கிறாள். தாய் முதலில் துடிக்கிறாள், அடிக்கிறாள். பிறகு மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, இதை நெருப்பு என்று நினைத்துக்கொள், நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்தக் காலத்தில் இந்த முடிவுக்குக் கிளம்பிய எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. முடிவை மாற்றி எழுதிப் பார்த்தவர்களும் உண்டு. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் போயிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்ற கேள்வியை ஜெயகாந்தனே எடுத்துக்கொண்டு தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்று தொடராக எழுதினார். அதுதான் 1970-இல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்ற நூலாகி, 1972-இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. வாசகர்களின் சண்டையிலிருந்து பிறந்த நாவல் என்பதால்தான், மாணவர்கள் இதை வைத்துச் சண்டை போடும்போது எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி.

சரி, சுவருக்கு வருகிறேன். சிறுகதையில் தாய் மகளை அடித்துக் கூச்சல் போடும்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் என்ன, ஏது என்று விசாரிக்கிறார்கள். அந்த நொடியில் அவள், இவ்வளவு மழையில் தொப்பலாக நனைந்து வந்து நிற்கிறாளே என்று சொல்லி மழுப்பிவிடுகிறாள். எத்தனையோ முறை படித்த இடம். தண்ணீர் ஊற்றுவதையும் அகலிகையை எடுத்துக்காட்டாகச் சொல்வதையும் வரிவரியாக நடத்தியிருக்கிறேன். இந்தப் பொய்யை மட்டும் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. கதை முழுவதும் இந்த ஒரு பொய்யின்மேல்தான் நிற்கிறது. அவள் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் தண்ணீர் ஊற்றும் காட்சிக்கே இடமில்லை. அதற்குள் தெரு கூடியிருக்கும்.

நாவலில் அதுதான் நடக்கிறது. கனகம் அலறிவிடுகிறாள். ஊர் கூடிவிடுகிறது. அண்ணன் கணேசன் கங்கையை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். தஞ்சாவூர் வெங்கு மாமா அழைத்துக்கொண்டு போய்ப் படிக்க வைக்கிறார். பிறகு படிக்க வைத்ததற்குக் கூலி கேட்பவர்போல நடந்துகொள்கிறார். கனகமும் அந்தத் தாயும் மகளிடம் வைத்த அன்பில் எடை வித்தியாசம் ஏதும் இல்லை. ஒருத்திக்கு மூச்சை அடக்க ஒரு நொடி கிடைத்தது. மற்றவளுக்குக் கிடைக்கவில்லை. இதை நான் எந்த உரைநூலிலும் படித்ததில்லை. மூன்றாவது வரிசையில் சுவரோரம் உட்காரும் 19 வயதுப் பெண் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

மறுநாள் வகுப்பில் அவள் பெயரைச் சொல்லாமல் அந்த நான்கு வரிகளையும் படித்துக் காட்டினேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவளே எழுந்தாள்.

“அம்மா, அது நான் எழுதியது.”

“தெரியும்மா. சுவரைப் பற்றி இன்னும் சொல்.”

அவர்கள் இருப்பது வரிசை வீடு. ஆறு குடித்தனம், ஒரே முற்றம், ஒரு குழாய். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினால் இவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் அதிரும். “எங்கள் அம்மா எங்களைத் திட்டும்போதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகத்தான் திட்டுவார்கள்” என்றாள். “கனகம் கெட்டவள் இல்லை அம்மா. அவளுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு அழ ஒரு அறை இல்லை.”

அதற்குப் பிறகு அந்த ஒரு மணி நேரமும் நான் அதிகம் பேசவில்லை. பேசவும் தேவைப்படவில்லை.

கணேசனுக்காக ஒரு மாணவன் வாதாடினான். அவனுக்கு இரண்டு தங்கைகள். ஊர் வாய்க்குப் பயப்படாத அண்ணன் எங்கே இருக்கிறான் என்று கேட்டான். கேட்டுவிட்டு அவனே, “ஆனால் பயம் வந்தால் கதவைச் சாத்த வேண்டும், தங்கையை வெளியே தள்ளிச் சாத்தக் கூடாது” என்று முடித்தான். வெங்கு மாமாவைப் பற்றிப் பேச்சு வந்ததும் பெண்கள் பக்கம் ஒரே இரைச்சல். சாத்திரமும் சட்டமும் வாயில், கை மட்டும் வேறு எங்கோ. இவரை விளக்க எந்த ஆண்டும் எனக்குக் கரும்பலகை தேவைப்பட்டதில்லை.

காரில் வந்தவனான பிரபுவிடம்தான் வகுப்பு இரண்டாகப் பிளந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, தன்னைக் கெடுத்தவனையே கங்கை தேடிப் போவது பல மாணவிகளுக்குப் பொறுக்கவில்லை. எனக்கும் இளம் வயதில் பொறுக்கவில்லை. “சுயமரியாதை உள்ளவள் அந்த முகத்தை இன்னொரு முறை பார்ப்பாளா?” என்று ஒருத்தி கொதித்தாள். பின்வரிசையில் அதிகம் வாய் திறக்காத ஒரு மாணவன் சொன்னான்: “அன்றைக்குக் காரில் இருந்தது இரண்டே பேர். அவள் சொன்னதை ஊரில் யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. என்ன நடந்தது என்று தெரிந்த இன்னொரு ஆள் அவன் மட்டும்தான். சாட்சியைத் தேடிப் போகிறாள்.” கொதித்தவள் அவனைத் திரும்பிப் பார்த்து, “குற்றவாளியே சாட்சியா?” என்றாள். அவன், “வேறு யார் இருக்கிறார்கள்?” என்றான்.

இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. இருபது வயதுப் பிள்ளைகள் இப்படிப் பேசுகிறார்கள். இவர்கள் கையில் ஏன் ஆயத்த விடையைத் திணிக்கிறோம்? “பாத்திரப் படைப்பு” என்று தலைப்பிட்டு, நல்ல குணம் மூன்று, கெட்ட குணம் இரண்டு என்று பிரித்துக் கொடுக்கும் குறிப்பேடுகள் தேர்வுக்கு உதவலாம். அவற்றில் கனகம் ஒரு நாள்கூட மூச்சுவிட்டதில்லை. இந்தக் குற்றத்தில் எனக்கும் பெரிய பங்கு உண்டு. அந்தக் குறிப்புகளைப் பல ஆண்டுகள் பலகையில் எழுதிப் போட்டவள் நான்தான்.

மாணவர்கள் சொல்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. திரைப்படத்தில் லட்சுமியின் நடிப்பை மட்டும் பார்த்துவிட்டு, பக்கத்தைப் புரட்டாமல் கங்கையைப் பற்றித் தீர்ப்புச் சொன்ன ஒருவனை, நூலில் எந்த வரி என்று காட்டு என்று உட்கார வைத்தேன். சொந்த வாழ்க்கையிலிருந்து பேசலாம். நூலுக்குத் திரும்பி வந்தாக வேண்டும். சுவரைப் பற்றி எழுதிய பெண் திரும்பி வந்தாள். அவள் சொன்னதற்கு ஆதாரம் கதையிலேயே இருக்கிறது, அந்த மழுப்பலில்.

இன்னொன்றையும் அவள் கவனித்திருந்தாள். சிறுகதையில் அந்தப் பெண்ணுக்குப் பெயரே கிடையாது. நாவலில்தான் கங்கை என்ற பெயர் வருகிறது. “ஊருக்குத் தெரிந்த பிறகுதானே, அம்மா, பெயர் அடிபடும்?” என்றாள். ஜெயகாந்தன் இதை நினைத்து எழுதினாரா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இனிமேல் அந்த இரண்டு நூல்களையும் என்னால் வேறு மாதிரி படிக்க முடியாது.

நாவலுக்குள் ஆர்.கே.வி. என்று ஓர் எழுத்தாளர் வருகிறார். அவர் எழுதிய கதையாகத்தான் ‘அக்கினிப் பிரவேசம்’ நாவலுக்குள் இடம்பெறுகிறது. அதைக் கனகம் படிக்கிறாள். தான் செய்யத் தவறியதை இன்னொரு தாய் செய்வதை அச்சில் பார்க்கிறாள். இந்த இடம் வரும்போதெல்லாம் கனகத்தின் அறியாமையை எடுத்துச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். இந்த முறை நகர முடியவில்லை. அவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று கேட்டேன். வகுப்பு முடியும் மணி அடித்துவிட்டது. மாணவர்கள் பையை எடுத்துக்கொண்டு எழும்போது அந்தப் பெண் என் மேசை அருகே வந்தாள்.

“அம்மா, ஒரு சந்தேகம். கதையில் வருகிற அம்மா பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னால் அழவில்லை. மகள் தலையில் தண்ணீர் ஊற்றும்போதும் திடமாகப் பேசுகிறாள். அப்படியானால் அவள் எப்போது வாய்விட்டு அழுதிருப்பாள்?”

எனக்கு விடை தெரியவில்லை. விடைத்தாளை வாங்கி 4-ஐ அடித்து 9 என்று போட்டு, பக்கத்தில் கையெழுத்திட்டேன். அவள் கேள்வியையே வகுப்பு முழுவதுக்கும் வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். ஒரு பக்கத்துக்கு மிகாமல்.

மாணவர்களின் வீட்டுப்பாடக் குறிப்பேடுகள் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தன. இதுவரை 11 படித்திருக்கிறேன். மகள் கல்லூரிக்குப் போன பிறகு, விடியற்காலை கோலம் போடும்போது, கோயில் பிரகாரத்தில் கூட்டத்தோடு கூட்டமாக என்று ஆளுக்கொரு நேரம் எழுதியிருக்கிறார்கள். கணேசனுக்காக வாதாடிய மாணவன் நான்கே வரிகள் எழுதியிருக்கிறான். அந்தத் தாய் அன்று இரவே அழுதாளாம். மகள் தூங்கிய பிறகு, காலியான அண்டாவை மறுபடி நிரப்பப் போய், குழாயை முழுவதும் திறந்துவிட்டு, தண்ணீர் விழும் சத்தத்தில் அழுதாளாம். அண்டா நிரம்பி வழிந்த பிறகும் குழாயை மூடவில்லையாம்.