பக்கத்துக் குழியில் இருப்பவன்

நவம்பர் 14

காலாட்படையில் ஒரு செக்‌ஷன் என்றால் சுமார் பத்துப் பேர். மூன்று செக்‌ஷன் ஒரு பிளட்டூன், மூன்று பிளட்டூன் ஒரு கம்பெனி. நாடும் கொடியும் ஒருவனைப் படையில் சேர வைக்கும். குண்டு விழும்போது அவன் கண்ணுக்குத் தெரிவது அந்தப் பத்துப் பேர்தான்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படை தன் வீரர்களிடம் கேட்டது: எது உங்களைத் தாக்குப்பிடிக்க வைக்கிறது? சண்டையை முடித்துவிட்டு ஊர் போய்ச் சேர வேண்டும் என்பதே அதிகம் பேர் சொன்ன பதில். அடுத்தது, கூட இருப்பவர்களை விட்டுவிட்டு வர முடியாது என்பது. லட்சியம் வெகு கீழே இருந்தது.

இதை வைத்து லட்சியத்துக்கு வேலையே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. கிழக்குப் போர்முனையில் ஜெர்மானியப் பிரிவுகள் பழகிய முகங்களையெல்லாம் இழந்த பிறகும் சண்டையிட்டன. அங்கே அவர்களைப் பிடித்து வைத்தவை நாஜிப் பிரசாரமும், ஓடினால் மரண தண்டனை என்ற அச்சமும்.

நவம்பர் 15

அமெரிக்கப் படை அந்தப் போரில் செய்த பெரும் பிழை, மாற்று ஆட்களை ஒவ்வொருவராக அனுப்பியது. புதியவன் பல முகாம்களில் காத்துக் கிடந்து, இரவில் லாரியிலிருந்து இறங்குவான். செக்‌ஷனில் யாருக்கும் அவன் பெயர் தெரியாது. எதிரி எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியாது. குண்டு விழுந்தால் மற்றவர்களோடு ஒட்டிக்கொண்டு நிற்பான், அல்லது உறைந்துபோவான். பெயர் தெரியுமுன்பே செத்தவர்கள் உண்டு. சில டிவிஷன்கள் (பல ஆயிரம் பேர் கொண்ட பெரும் படைப்பிரிவுகள்) விழித்துக்கொண்டு, புதியவர்களைப் பின்வரிசையில் சில நாள் வைத்து, அனுபவசாலிகளோடு பழகவிட்ட பிறகே முன்னே அனுப்பின. அதுதான் சரியான வழி.

வியட்நாமில் இதே பிழை வேறு உருவில் வந்தது. தரைப்படை வீரனுக்கு 12 மாதம், ஆனால் வருவதும் போவதும் தனித்தனியாக. கம்பெனித் தலைவர்கள் பெரும்பாலும் ஆறே மாதத்தில் மாறினார்கள். ஊர் போக நாள் நெருங்கியவன் ஆபத்தான ரோந்துக்குத் தயங்குவது இயல்பு. அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

நவம்பர் 16

ஓய்வு பற்றிச் சுருக்கமாக. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் காலாட்படை வீரன் 200 முதல் 240 சண்டை நாட்களில் தேய்ந்துபோகிறான் என்று அவர்களுடைய மருத்துவர்கள் கணித்தார்கள். பிரிட்டிஷ் வீரனுக்கு 400 நாள் வரை. பிரிட்டிஷ்காரர்கள் 12 நாளுக்குள் ஆளைப் பின்னுக்கு இழுத்து நாலு நாள் ஓய்வு கொடுத்தார்கள். அமெரிக்கர்கள் 20, 30 நாள், சில வேளை 80 நாள்கூட முன்வரிசையிலேயே வைத்தார்கள்.

நவம்பர் 18

இன்று ரெசாங் லா நாள். 1962, சீனாவோடு நடந்த போர், லடாக், சுஷுல் பகுதி, 16,000 அடிக்கு மேல். 13 குமாவோன் பட்டாலியனின் (பட்டாலியன் என்பது சில கம்பெனிகள் சேர்ந்தது) சி கம்பெனி, சுமார் 120 பேர். அநேகமாக எல்லாரும் தெற்கு ஹரியானாவின் அஹிர் சாதிக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். கையில் ஒவ்வொரு சுடுதலுக்கும் போல்ட் இழுக்க வேண்டிய .303 ரைஃபிள். இடையில் மலைமுகடு மறித்ததால் பின்னாலிருந்த இந்தியப் பீரங்கிகளால் உதவ முடியவில்லை.

தலைவர் மேஜர் ஷைத்தான் சிங் அஹிர் அல்ல, ஜோத்பூர்ப் பக்கத்து ராஜபுத்திரர். சாதியும் ஊரும் ஒன்றாக இருந்ததால்தான் நின்றார்கள் என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தூரதூரமாகக் கிடந்த பிளட்டூன்களுக்கு நடுவே குண்டுமழையில் அவரே நடந்து போனார். அடிபட்ட பிறகு, என்னை விட்டுவிட்டுப் போங்கள் என்றார். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1963 பிப்ரவரியில் உடல்கள் கிடைத்தபோது பலர் பதுங்குகுழியிலேயே, ஆயுதம் பிடித்தபடி உறைந்திருந்தார்கள். மருத்துவ உதவியாளர் தரம்பால் சிங் தஹியாவின் கையில் இருந்தது ஊசி.

நவம்பர் 19

நேற்று எழுதியதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. முதல் உலகப் போர், 1916 ஜூலை 1, பிரான்சில் சோம் போர்முனையின் செர் கிராமம். இங்கிலாந்தின் அக்ரிங்டன் நகரிலும் சுற்றூர்களிலும் ஒன்றாகச் சேர்ந்தவர்களின் ஒரு பட்டாலியன். முன்னேறிய சுமார் 700 பேரில் 584 பேர் அரை மணி நேரத்துக்குள் இறந்தோ, காயப்பட்டோ, காணாமலோ போனார்கள். அக்ரிங்டனில் தெருத்தெருவாக ஜன்னல் திரைகள் இழுத்து மூடப்பட்டன. பிறகு அந்த இடங்களை நிரப்ப வந்தவர்கள் வெவ்வேறு ஊர்க்காரர்கள்.