வாய்க்கால் தூர்வதும் நாங்கள் வாருவதும்

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள் என்பதால், அதற்குள் வாய்க்கால்களைத் தூர் வாரி முடிக்க, காவிரி டெல்டாவில் பாசனப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்குக் கோடை முழுக்க ஓட்டம்தான். நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றுப் பக்கத்து வாய்க்கால்களில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி போனது.

குளம் படிப்படியாகச் சதுப்பாகி, புதராகி, கடைசியில் காடாவதைப் பன்னிரண்டாம் வகுப்பில் தாவர வழிமுறை வளர்ச்சி என்று படித்திருப்பீர்கள். அதற்கு நூற்றாண்டுகள் ஆகலாம். டெல்டா வாய்க்காலுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. வண்டலும் வருகிறது, வயலில் போட்ட யூரியாவின் மிச்சமும் வருகிறது.

முதலில் வேலம்பாசி. தண்ணீருக்குள்ளேயே கிடப்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை; ஆனால் ஓட்டத்தை மட்டுப்படுத்தி வண்டலைப் படிய வைப்பது அதுதான். ஆழம் குறைந்ததும் ஓரத்தில் கோரை, பிறகு ஆளுயரச் சம்புப் புல். ஒவ்வொன்றும் அடுத்து வருவதற்கு இடம் போட்டுக் கொடுத்துவிட்டு, அதனாலேயே தன் இடத்தை இழக்கிறது. தரை தட்டினால் நெய்வேலிக் காட்டாமணக்கு, அப்புறம் சீமைக்கருவேல். மேட்டில் யாராவது வாழைக்கன்று நடுவார், சில வருடத்தில் கொட்டகை எழும்பும். வரிசையின் கடைசிக் கட்டத்தைப் பாடத்தில் உச்சநிலைச் சமுதாயம் என்பார்கள்; அது எங்கள் பக்கம் மின் இணைப்போடு வரும்.

இந்த வரிசையில் நிற்காமல் குறுக்கே புகுவது வெங்காயத்தாமரை. தண்ணீரில் மிதக்கும் அமேசான் பகுதிச் செடி. ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் காம்பு உப்பி, உள்ளே காற்றறைகள் இருக்கும்; கீழே கருநீலத் தாடி போல வேர், அதில் சேறும் நத்தையும். பக்கவாட்டில் ஒரு ஓடுதண்டு, அதன் நுனியில் குட்டிச்செடி. அந்தக் குட்டிக்கும் தண்டு கிளம்பியிருக்கும். வெயிலும் உரத்தண்ணீரும் கிடைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் இரண்டு மடங்கு. கால்வாசி மூடியிருக்கும்போது பரவாயில்லை என்றுதான் தோன்றும். தூர் வாரச் செலவு மதிப்பீடு எழுதி, அது கையெழுத்துக்கு மேலே போய்க் கீழே வருவதற்குள் முழுசும் மூடிவிடும்.

மூடிய பிறகு பெருக இடமில்லை. பெல்ஜியக் கணித அறிஞர் வெர்ஹல்ஸ்ட் 1838-ல் எண்ணிக்கைப் பெருக்கத்துக்கு எழுதிய சமன்பாட்டில் வரும் தாங்குதிறன், அதாவது ஓர் இடம் தாங்கக்கூடிய உச்ச எண்ணிக்கை, இதுதான். வரைபடத்தில் கோடு அங்கே படுத்துவிடும். வாய்க்காலில் கதை அத்தோடு முடியாது. அடியில் இருப்பது அழுகி மூழ்கும், தரை மேலேறும், மிதக்கும் செடிகளின் மேலேயே கோரை முளைக்கும். எண்ணிக்கை நின்ற இடத்தில் அடுத்த கட்டம் ஆரம்பமாகிவிடுகிறது.

அதனால் தூர் வாருவதை நான் சுத்தம் செய்கிற வேலையாகப் பார்த்ததில்லை. வரிசையைப் பின்னால் தள்ளுகிறோம், அவ்வளவுதான். எவ்வளவு தூரம் தள்ளினோம் என்பதுதான் கேள்வி. பொக்லைனால் மேலாக வழித்தால் சம்பின் கிழங்கு சேற்றில் அப்படியே இருக்கும். தண்ணீர் வந்ததும் துளிர்க்கும். காட்டாமணக்கை மண்ணோடு கரையில் குவித்தால் வெட்டிய துண்டுகளெல்லாம் வேர் விடும். பில்லில் எல்லாம் ஒரே கனமீட்டர் கணக்கு.

வாய்க்காலையும் மதகையும் பார்த்துக்கொள்ளும் எங்கள் லஸ்கர் ஒருவர் பொக்லைன் கூடவே நடப்பார். “சார், கரையோரக் கோரைய விட்டுடச் சொல்லுங்க. அதையும் வழிச்சா ஐப்பசி மழைல கரை உள்ள வந்துரும்” என்பார். “சரிண்ணே” என்பேன். ஒப்பந்தக்காரர் முகம் சுருங்கும். போட்டோவில் வாய்க்கால் மொட்டையாகத் தெரிந்தால்தான் வேலை நடந்த மாதிரி இருக்கும் அவருக்கு. நான் எப்போதும் லஸ்கர் பக்கம்தான். ஒரு கட்டத்தை அங்கேயே நிறுத்தி வைத்துக்கொள்வதும் பராமரிப்பில் சேர்த்திதான்.

மழைக்காலத்தில் வெங்காயத்தாமரை மதகில் வந்து அடைத்துக்கொள்ளும். மூங்கில் கழியால் தள்ளிவிடுவோம். அது அடுத்த மதகில் போய் அடையும், அங்கிருந்து போன் வரும். கோரையாற்றில் போனது முத்துப்பேட்டைக் காயலின் உப்புத் தண்ணீரில் செத்துப்போகும். அதற்குள் வழியெல்லாம் குட்டி போட்டிருக்கும்.