ஆழம் சரிதான், சாய்வு சரியா? வள்ளத்தில் ட்ரான்ஸ்டியூசர் பொருத்திப் பார்த்தது

குளச்சலில் மாமாவின் ஃபைபர் வள்ளத்தில் எக்கோ (ஒலியை அனுப்பி ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் கருவி) மாட்டும் வேலை ஒரு நிலைக்கு வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகும் வழக்கம் எங்கள் கரையில் இல்லை. சனிக்கிழமைகளில் தூண்டில் போடப் போகும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து பார்த்தேன். திரை எவ்வளவு பெரியது என்பதை விட, தண்ணீருக்குள் நின்று ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் ட்ரான்ஸ்டியூசர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் வள்ளத்துக்கு உள்ளேயே வைத்துப் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் ட்ரான்ஸ்டியூசரை இறக்கி, அடிப்பலகையில் அழுத்திப் பிடித்தால் ஒலி ஃபைபர் வழியே போகிறதா என்று தெரிந்துவிடும். இடையில் பிளைவுட்டோ தெர்மாகோலோ இருந்தால் போகாது. எங்கள் வள்ளத்தின் அடி கெட்டி ஃபைபர், அதனால் ஆழம் நன்றாக வந்தது. மீன்தான் மங்கல். ஃபைபரைத் தாண்டிப் போகும்போது ஒரு பங்கு, திரும்பும்போது இன்னொரு பங்கு என்று எதிரொலியின் பலம் குறைந்துவிடுகிறது.

பின்பலகையில் நிரந்தரமாகத் திருகுவதும் எங்களுக்கு ஒத்துவராது. தினமும் மணலில் இழுத்து ஏற்றும் வள்ளம் அது. அடிமட்டத்துக்குக் கீழே எது நீட்டிக்கொண்டிருந்தாலும் ஒரே வாரத்தில் உரசிப் போய்விடும். அதனால் ஒரு எஸ்.எஸ். பைப்பின் நுனியில் மாட்டி, தூக்கி மடக்கும் கிளாம்ப் போட்டு வலது ஓரமாக வைத்தேன். எங்கள் எஞ்சினின் விசிறி, பின்னால் நின்று பார்த்தால், கடிகாரச் சுற்றில் சுழல்கிறது. அப்படியானால் வலது பக்கம் இதழ்கள் கீழ்நோக்கி வருகின்றன. நுரையும் குமிழும் அந்தப் பக்கம் குறைவு. பைப்பைப் பிடித்து ஒரு நைலான் கயிறும் கட்டியிருக்கிறேன். கிளாம்ப் விட்டுப்போனாலும் சாமான் கடலுக்குப் போகாது.

இனி ஒலிக்கூம்பு, அதாவது ட்ரான்ஸ்டியூசரிலிருந்து கீழே விரிந்து போகும் ஒலி. என்னிடம் இருப்பது 83, 200 கிலோஹெர்ட்ஸ் இரண்டிலும் வேலை செய்யும் ட்ரான்ஸ்டியூசர். 200-ல் கூம்பின் விரிவு சுமார் 20 டிகிரி, 83-ல் சுமார் 60. 15 பாகம், அதாவது 27 மீட்டர் தண்ணீரில், குறுகிய கூம்பு அடியில் ஒன்பதரை மீட்டர் அகல வட்டத்தைத் தொடுகிறது. அகலக் கூம்பு தொடுவது 31 மீட்டர். திரையில் தெரிவது அந்த வட்டத்தின் படம் இல்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் எதிரொலி எத்தனை நேரம் கழித்து வந்தது என்பதை வலது ஓரத்தில் ஒரு கோடாகப் போட்டு, பழைய கோடுகளை இடது பக்கம் தள்ளிக்கொண்டே போகிறது. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

மீன் ஏன் வளைவாகத் தெரிகிறது? வள்ளம் போகும்போது மீன் கூம்பின் முன்விளிம்பில் நுழைகிறது, அப்போது தூரம் கூடுதல். நேர் கீழே வரும்போது குறைகிறது, பின்விளிம்பில் மறுபடி கூடுகிறது. 15 மீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அகலக் கூம்பின் விளிம்பில் தூரம் 17.3 மீட்டர், எனவே வளைவின் உயரம் 2.3 மீட்டர். குறுகிய கூம்பிலோ வெறும் 23 சென்டிமீட்டர். ஜூம் போடாமல் அது கோடு போலத்தான் தெரியும். நங்கூரம் போட்டு நின்றால் மீனும் அசையாதபோது வளைவே வராது, நீண்ட கோடுதான்.

சாய்வைக் கண்டுபிடிக்க இந்த வளைவே போதும். ட்ரான்ஸ்டியூசரின் மூக்கு 8 டிகிரி மேலே தூக்கியிருந்தால் கூம்பு முன்னோக்கிப் பார்க்கும். அதே மீனுக்கு அகலக் கூம்பில் வளைவின் இடது கால் 4 மீட்டரும் வலது கால் 1.2 மீட்டரும் இறங்கும். 200-ல் வலது கால் ஏறக்குறைய காணாமலே போகும். மூக்கு தாழ்ந்திருந்தால் நேர் எதிர். இரண்டு காலும் ஒத்து வரும்வரை திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே இருந்தேன்.

மாமாவுக்கு இது பிடிபடவில்லை. "மக்ளே, ஆழம் சரியாத்தான காட்டுது? பின்ன எதுக்கு அதப் போட்டு திருகிட்டே இருக்க?" என்றார். ஈயக்கட்டி இறக்கி அளந்து பார்த்திருந்தார், திரையும் அதே 15 பாகம்தான் காட்டியது. அவர் சொன்னது உண்மை. ஆனால் ஆழம் சரியாக வருவது சாய்வு சரி என்பதற்குச் சான்று ஆகாது. சற்றே சாய்ந்த கூம்பிலும் நேர் கீழே உள்ள தரை ஓர் ஓரமாக மாட்டிக்கொள்ளும். கருவி முதலில் வரும் எதிரொலியைத்தான் ஆழமாகக் காட்டுகிறது. எண் மாறாது. பலம்தான் குறையும்.

அந்தப் பலத்தைப் பார்க்க ஒரு வழி உண்டு. கெட்டித் தரைக்கு மேலே நிற்கும்போது எதிரொலி மேல்மட்டத்தில் பட்டு மறுபடி அடிக்குப் போய்த் திரும்பும். இரட்டை ஆழத்தில் இரண்டாவது கோடு விழும். திரையின் அளவை 60 மீட்டருக்கு மாற்றினேன், 54-ல் அந்தக் கோடு வந்தது. கூம்பு செங்குத்தாக இருக்கும்போதுதான் அது தடிமனாக விழுகிறது. கிளாம்பைத் திருகத் திருக அது மங்குவதையும் தெளிவதையும் காட்டியபோது மாமா ஒன்றும் சொல்லாமல் ஸ்பேனரைக் கையில் வாங்கிக்கொண்டார்.

வள்ளத்தின் கிடப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். மணலில் நிற்கும்போது ரசமட்டம் வைத்துச் சமன் பார்ப்பது வீண். தண்ணீரில், ஆட்களும் எண்ணெய் கேனும் வலையும் ஏறிய நிலையில், வெளியே நீர்மட்டத்தைச் சாக்பீஸால் முன்னும் பின்னும் கோடு போட்டுக்கொண்டேன். கரையில் அந்தக் கோடு கிடைமட்டமாக வரும்படி முட்டுக்கொடுத்து, அதன் பிறகே ரசமட்டம் வைத்தேன். வேகம் எடுத்தால் அணியம் (வள்ளத்தின் முன்பக்கம்) தூக்கும், கூம்பும் முன்னே போகும். நாங்கள் மெதுவாக ஓடித் தேடுவதால் அந்த மெது ஓட்டத்துக்குச் சமன் செய்திருக்கிறேன். வேகமாகப் போகும்போது பைப்பை மடக்கிவிடுகிறோம். புது ட்ரான்ஸ்டியூசரின் முகத்தில் குமிழ் ஒட்டிக்கொள்ளும், சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டு இறக்கினால் ஒட்டாது.

எதிரொலியின் பெரும்பங்கு மீனின் காற்றுப்பையிலிருந்து வருகிறது. தூத்தூர்க்காரர்கள் தேடிப் போகும் சுறாவுக்கு அது கிடையாது. உடம்பு எவ்வளவு பெரிதானாலும் திரையில் மங்கல்தான்.

சாய்வு சரியான பிறகு பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத்திட்டுக்கு, மேலே போனபோதுதான் எனக்கு இந்த வேலையின் அருமை தெரிந்தது. அகலக் கூம்பு பாரை முன்கூட்டியே காட்டிவிடும், ஆனால் அதன் உச்சியையே ஆழமாக எடுத்துக்கொண்டு சரிவில் ஒட்டி நிற்கும் கலவாய் மீனைத் தரையோடு சேர்த்து மறைத்துவிடும். சமதரையிலேயே, 27 மீட்டரில், கூம்பின் விளிம்பில் 3.6 மீட்டர் உயரம் வரை நிற்கும் மீன் தரைக்கோட்டுக்குள் போய்விடுகிறது. 200-ல் அந்த மறைவு அரை மீட்டருக்கும் குறைவு. எனவே 83-ல் தேடி, 200-க்கு மாற்றி மெதுவாக ஓட்டுகிறோம். கச்சான் காற்று அடங்கியதும் பாரின் மேற்குச் சரிவை இரண்டு கூம்பிலும் வடக்கு தெற்காக ஓட்டிப் பதிவு எடுக்க வேண்டும்.