ஆயுத பூஜைக்குள் ஒரு முடிவு

8 செப்டம்பர் 2024, ஞாயிறு

பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையை எடுத்துக்கொண்டு கோவை ஆவாரம்பாளையம் போனேன். என்னிடம் டிரெய்னியாக இருந்த பையன் அங்கே இரண்டு விஎம்சி (உலோகத்தைக் குடைந்து செதுக்கும் கம்ப்யூட்டர் மெஷின்) போட்டு மற்ற கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறான். பக்கத்து ஷெட் காலியாம். "நீங்களும் ஒரு மெஷின் போடுங்க சார். எத்தனை நாளைக்குச் சம்பளத்துக்கே ஓடுவீங்க?" என்றான்.

எனக்கு 46 வயது. ஒரே கம்பெனியில் 19 வருடம். போன மாதம், நான் ஃபிக்ஸ்சர் டிசைன் செய்துகொண்டிருந்த டூல் ரூமை மூடி என்னை பிளானிங்குக்கு மாற்றினார்கள். மெஷினில் பீஸை அசையாமல் பிடிக்கும் அந்த ஃபிக்ஸ்சர்களை இனி வெளியே வாங்கிக்கொள்வார்களாம். அன்றிலிருந்து ஒரு டிராயிங்கைக்கூடத் தொடவில்லை. சம்பளம் குறையவில்லை, ஆனால் காலையில் எழுந்து கிளம்பவே மனசு வரமாட்டேன் என்கிறது.

11 செப்டம்பர்

கொட்டேஷன் வந்தது. 24 லட்சம் கடன், 5 வருடம், பத்தரை வட்டி: மாதத் தவணை 51,600. இரண்டு ஆபரேட்டருக்கு 44,000. கரண்டு 18,000, டூல் 15,000, வாடகை 12,000. ஆக 1,40,600.

வரவு, மணிக்கு 400 ரூபாய். தினம் 16 மணி நேரம், 25 நாள் ஓடினால் 1,60,000. மிச்சம் 19,400. பத்து மணி நேரம்தான் ஓடியது என்றால் மாதம் 40,600 கையிலிருந்து போட வேண்டும்.

பணம் வருகிற கதை தனி. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 2006-லிருந்தே சட்டம் இருக்கிறது. தாமதித்தால், கொடுக்க வேண்டியவர் அந்த ஆண்டு வருமான வரியில் அதைச் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் இப்போது சேர்ந்திருக்கிறது. ஆனால் பையனுக்குப் பணம் வர இப்போதும் 90 நாள் ஆகிறது. அழுத்திக் கேட்டால் அடுத்த ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும் என்கிறான்.

கணக்கைப் பார்த்துவிட்டு மனைவி சொன்னாள்: "இப்ப நீங்க வேலைக்குப் போறீங்க. மெஷின் வாங்கினா மெஷினுக்கு வேலை தேடிப் போகணுங்க."

22 செப்டம்பர், ஞாயிறு

பையன் பதறிப்போய்க் கூப்பிட்டான். பம்ப் பிராக்கெட் 40 பீஸ் ரிஜெக்ட். மெஷினில் இருக்கும்போது போர் (குடைந்த துளை) சரியாக இருக்கிறது, கழற்றி அளந்தால் 0.06 மில்லிமீட்டர் விலகுகிறது.

நுண்ணிய அசைவைக்கூட முள்ளால் காட்டும் என் டயல் கேஜை எடுத்துப் போனேன். வார்ப்பின் மேல் முள்ளை வைத்து, கிளாம்பை மெதுவாக இறுக்கச் சொன்னேன். முள் ஆறு கோடு, அதாவது அதே 0.06, நகர்ந்தது. தளர்த்தினால் பழைய இடத்துக்கே வந்து நின்றது. கிளாம்ப் அழுத்தும் இடத்துக்குக் கீழே தாங்கல் இல்லை. இறுக்கும்போது பீஸ் வளைகிறது, வளைந்தபடியே போர் அடிக்கிறது, கழற்றியதும் நிமிர்ந்துவிடுகிறது. பீஸைத் தாங்கும் ரெஸ்ட் பட்டனைக் கிளாம்புக்கு நேர் கீழே மாற்றினோம். முள் அசையவில்லை. மூன்று மணி நேர வேலை.

ஐயாயிரம் நீட்டினான். சம்பளத்தில் இருக்கும்போது வாங்குவது முறையில்லை என்று மறுத்துவிட்டேன். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம், இதுதானே என் வேலை என்று தோன்றிக்கொண்டே இருந்தது. கடைசியாக இப்படிச் சந்தோஷமாக வண்டி ஓட்டியது எப்போது என்று நினைவில்லை.

29 செப்டம்பர்

தனியாக ஃபிக்ஸ்சர் டிசைன். மெஷின் வேண்டாம், ஷெட் வேண்டாம், வேலை இல்லாத மாதம் யாருக்கும் கூலி கொடுக்க வேண்டியதில்லை. வருடம் 20 லட்சம் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவும் வேண்டாம்.

கிராஜுவிட்டி: அடிப்படைச் சம்பளம் 38,000, அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, 19 வருடத்துக்கு 4,16,538. வீட்டுச் செலவு மாதம் 45,000. ஒன்பது மாதம் தாங்கும். பிஎஃப் பணத்தைத் தொடுவதில்லை.

பயம் அம்மாவை நினைத்துத்தான். 74 வயது, சர்க்கரை. நான் வேலையை விட்டால் கம்பெனி இன்ஷூரன்ஸும் போய்விடும். தனி பாலிசியில், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். ராஜினாமாவுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும், பிரீமியம் எவ்வளவு ஆனாலும்.

7 அக்டோபர்

பாலிசி வந்துவிட்டது. காத்திருப்பு 2 வருடம்.

11 அக்டோபர், வெள்ளி

கம்பெனி பூஜை நேற்றே முடிந்தது. பூட்டிய டூல் ரூம் கதவுக்கும் யாரோ மாலை போட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

இன்று வீட்டில், டயல் கேஜையும் வெர்னியரையும் துடைத்து, பெட்டிக்குச் சந்தனம் வைத்தேன். பொரி கடலை படைத்து அம்மா சூடம் காட்டினாள். திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய கடிதத்தையும் சாமி முன் வைத்திருந்தேன். நோட்டீஸ் இரண்டு மாதம்.

சாயங்காலம் பையன் கூப்பிட்டான். சின்னவேடம்பட்டியில் ஒருவருக்கு இதே மாதிரி ரிஜெக்‌ஷன் தொல்லையாம். "உங்க நம்பர் கொடுக்கட்டுமா சார்?"

"டிசம்பர் 15-க்கு அப்புறம் கொடு தம்பி."