எண்ணோடு ஆண்டும் வேண்டும்

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில், பழைய விளையாட்டுப் புகைப்படங்களில் இருப்பவர்களை அடையாளம் கண்டு பட்டியலிடுவது என் பணி. அவற்றில் பெரும்பகுதி ஐஸ் ஹாக்கிப் படங்கள். ஐம்பதுகளில் எடுத்த படங்களில் பலர் தலைக்கவசம்கூட அணியாமல் ஆடுகிறார்கள்; முகம் தெளிவாகத் தெரிந்தாலும் படத்தின் பின்புறம் பெயர் எழுதப்பட்டிருப்பது அரிது. பிற்காலப் படங்களிலோ, கல்லூரி ஆட்டத்தில் கட்டாயமாகிவிட்ட முழு முகக்கவசம் முகத்தையே மறைத்துவிடுகிறது. இரண்டு காலத்துக்கும் பொதுவாகக் கிடைக்கும் தடயம் ஜெர்சியில் உள்ள எண்தான்.

ஆனால் எண் மட்டும் போதாது. கல்லூரி ஆட்டக்காரர் பெரும்பாலும் நான்கு பருவங்களே ஆடுகிறார். அவர் பட்டம் பெற்றுச் சென்றதும் அந்த எண் புதிதாகச் சேர்ந்த வேறொருவருக்குப் போய்விடும். ஆகவே முதலில் ஆண்டைக் கண்டுபிடிக்க வேண்டும். ஜெர்சியின் கழுத்துப்பட்டி, கோலுக்குப் பின்னால் இருப்பது கம்பிவலையா கண்ணாடியா என்பது, எதிரணியின் சின்னம் ஆகியவற்றைப் பார்த்துக் காலத்தை ஓரளவு கணித்த பிறகே, அந்தப் பருவத்தின் ஆட்ட நிகழ்ச்சிநிரல் புத்தகத்தில் அச்சான வீரர் பட்டியலைத் திறக்கிறோம். கோல்கீப்பர்கள் வழக்கமாக 1 அல்லது 30 முதல் 35 வரையிலான எண்களை அணிவார்கள் என்பதால், அவர்களை வைத்துப் பட்டியலைச் சரிபார்ப்பது எளிது.

காப்பகத்துக்கு வரும் முதிய ரசிகர்கள் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை, "பதினேழின் படம் இருக்கிறதா?" என்றே கேட்கிறார்கள். எழுபதுகளில் மாணவராக இருந்தவருக்குப் பதினேழு என்றால் ஒருவர், தொண்ணூறுகளில் படித்தவருக்கு வேறொருவர். இருவர் நினைவும் சரிதான் என்பதை இந்தப் பணியில்தான் நான் கற்றேன்.

ஓர் எண்ணை இனி எவரும் அணியக் கூடாது என்று ஓய்வு கொடுக்கும் வழக்கத்தை நான் மதிக்கிறேன். அது அரிதாக நடப்பதாலேயே மதிக்கிறேன். மினசோட்டா பல்கலைக்கழக ஆண்கள் அணி, அடித்த கோல்களும் பிறர் கோலடிக்க உதவியதுமாக 298 புள்ளிகள் சேர்த்து 1955இல் கல்லூரி ஆட்டத்தை முடித்த ஜான் மயாசிச்சின் 8ஆம் எண்ணுக்கு 1998இல்தான் ஓய்வு கொடுத்தது. கார்னெல் பல்கலைக்கழகம் 2010இல் கென் டிரைடனின் 1ஆம் எண்ணுக்கும் ஜோ நியூவெண்டைக்கின் 25ஆம் எண்ணுக்கும் அந்தச் சிறப்பைச் செய்தது. பிற்காலத்தில் தொழில்முறை அணியான மான்ட்ரியாலுக்குக் கோல்கீப்பராக ஆடிய டிரைடன், அந்த அணியின் ரசிகர்களுக்கு 29. கார்னெலின் லைனா அரங்கில் அவரைப் பார்த்தவர்களுக்கு அவர் என்றைக்கும் 1.

இவற்றையெல்லாம் விட என்னை அதிகம் பாதிப்பது பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் 24. டிராவிஸ் ராய் 1995 அக்டோபர் 20 அன்று தன் முதல் கல்லூரி ஆட்டத்தில் களமிறங்கிய 11ஆவது விநாடியில், தலை ஆடுகளத்தைச் சுற்றியுள்ள சுவர்ப்பலகையில் மோத, கழுத்தெலும்பு முறிந்து கைகால்கள் செயலிழந்தார். பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார். முதுகுத்தண்டு காயமுற்றோருக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கி, 2020இல் மறையும் வரை உழைத்தார். அவருடைய எண்ணுக்கு 1999இல் ஓய்வு தரப்பட்டது. அந்த அணியின் வரலாற்றில் அப்படி ஓய்வு பெற்ற முதல் எண், ஒரு கோல்கூட அடிக்க வாய்ப்புக் கிடைக்காத ஒருவருடையது. அந்த முடிவை எடுத்தவர்கள் எண்ணின் பொருளை நன்கு உணர்ந்தவர்கள் என்றே நினைக்கிறேன்.

ஓய்வு பெற்ற எண்களைத் தாங்கி அரங்கின் உச்சியில் தொங்கும் பதாகைகளில் இடம்பெறாத நூற்றுக்கணக்கானோருக்கு எங்கள் பட்டியல்தான் இடம். மாறி மாறிக் களமிறங்கும் தாக்குதல் வரிசைகளில் மூன்றாவதில் ஆடி, இரண்டு பருவங்களுக்குப் பின் அணியை விட்டவரும் அவர்களில் உண்டு. எனவே எண், பருவம், பெயர் ஆகிய மூன்றும் உறுதியானால் மட்டுமே பெயரைப் பதிகிறோம். பருவத்தின் நடுவில் எண்ணை மாற்றிக்கொண்டவர்களுக்குத் தனிக் குறிப்பு எழுதுகிறோம். ஐயம் இருந்தால் எண்ணை மட்டும் எழுதிப் பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டுவைக்கிறோம். அவரோடு ஆடிய யாரேனும் வந்து சொல்லக்கூடும்.